யார் பக்கம் நிற்கிறார் சூப்பர் ஹீரோ?

ஹிட்லர் முகத்தில் விழுந்த குத்து முதல் போலீஸ் வாகனத்தில் ஒட்டிய மண்டையோடு வரை... அமெரிக்க காமிக்ஸ் நாயகர்களின் அரசியல் வரலாறு

2025 ஜூலையில் ஜேம்ஸ் கன் இயக்கிய ‘சூப்பர்மேன்’ படம் திரைக்கு வந்தது. வெளியீட்டுக்குச் சில நாள்களுக்கு முன்பு லண்டன் நாளிதழ் ஒன்றுக்குப் பேட்டி கொடுத்தார் கன். சூப்பர்மேனின் கதை வேறு இடத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவரின் கதை, அது அமெரிக்காவின் கதையும்கூட என்ற பொருளில் பேசினார். அமெரிக்க வலதுசாரி விமர்சகர்கள் கொதித்துப்போனார்கள். பொழுதுபோக்குப் படத்தில் அரசியலைத் திணிக்கலாமா என்று தொலைக்காட்சிகளில் விவாதம் நடந்தது. அதே வாரத்தில் வெள்ளை மாளிகையின் அதிகாரபூர்வ சமூக வலைதளப் பக்கத்தில் ஒரு படம் வந்தது. சூப்பர்மேன் உடையில் அதிபர் டிரம்ப் நின்றார்.

காமிக்ஸுக்குள் அரசியல் இப்போதுதான் நுழைந்துவிட்டதுபோல வருத்தப்படுகிறவர்கள், அந்த நாயகனின் முதல் கதையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். சூப்பர் ஹீரோ பிறந்ததே அரசியலில்தான். உலகப் போர், நிறவெறி, கம்யூனிச பீதி, வியட்நாம், வாட்டர்கேட், செப்டம்பர் 11 என அமெரிக்கா கடந்துவந்த ஒவ்வொரு நெருக்கடியும் அந்த மலிவுக் காகிதப் பக்கங்களில் பதிவாகியிருக்கிறது. சில காலங்களில் இந்த நாயகர்கள் எளியவர்களுக்குத் துணை நின்றார்கள். சில காலங்களில் அதிகாரத்தின் விளம்பரத் தட்டி ஆனார்கள். அவர்களுடைய மதிப்பைத் தீர்மானித்தது உடல் பலம் இல்லை. யார் பக்கம் நின்றார்கள் என்பதுதான். இந்த வரலாறு நெடுகிலும் அதற்குச் சான்று இருக்கிறது.

செனட்டரை அம்பலப்படுத்திய முதல் நாயகன்

ஜெர்ரி சீகல் கதை எழுதுவார். ஜோ ஷூஸ்டர் படம் வரைவார். ஓஹையோ மாநிலம் க்ளீவ்லாண்ட் நகரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இருவரின் பெற்றோரும் ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த யூதர்கள். நாடு முழுக்கப் பொருளாதாரப் பெருமந்தம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த காலம் அது. துணிக்கடை வைத்திருந்த சீகலின் தந்தை, 1932-ல் கடையில் திருடர்கள் புகுந்த இரவில் மாரடைப்பால் இறந்துபோனார். யாராலும் சுட்டு வீழ்த்த முடியாத ஒரு மனிதனை அந்த மகன் கற்பனை செய்ததில் வியப்பில்லை.

1938 ஜூன் தேதியிட்டு வெளியான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் விலை 10 சென்ட். அதில் சூப்பர்மேன் வந்த கதை 13 பக்கம். அந்த 13 பக்கத்தில் வேற்றுக்கிரக வில்லன் யாரும் கிடையாது. செய்யாத கொலைக்காக மின்சார நாற்காலியில் சாகவிருந்த பெண்ணைக் காப்பாற்ற, கவர்னரின் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறார் சூப்பர்மேன். மனைவியை அடிக்கும் கணவனைத் தூக்கிச் சுவரில் வீசுகிறார். கடைசியில் வாஷிங்டன் போய், ஒரு செனட்டரும் அவரை வளைத்துப்போட்ட தரகரும் அமெரிக்காவைப் போருக்குள் இழுக்கப் போடும் திட்டத்தைக் கண்டுபிடித்து, அந்தத் தரகரைத் துரத்துகிறார்.

அடுத்த இதழில், ஆயுதம் விற்றுக் கொழுத்த முதலாளியைச் சாதாரணச் சிப்பாயாகப் போர்முனைக்கு அனுப்பிவைக்கிறார். மூன்றாவது இதழில் சுரங்க முதலாளி மாட்டுகிறார். பாதுகாப்பு இல்லாத சுரங்கத்தில் தொழிலாளர்களை இறக்கிய அந்த மனிதரையும் அவருடைய பணக்கார நண்பர்களையும் அதே சுரங்கத்தில் சிக்கவைத்து, உள்ளே உயிர் எப்படித் துடிக்கும் என்று உணரவைக்கிறார். எட்டாவது இதழில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சிறுவர்களைக் குற்றவாளிகளாக்கும் சேரிக் குடியிருப்புகளில் இருந்தவர்களை வெளியேற்றிவிட்டு, கட்டடங்களை இடித்துத் தள்ளுகிறார். அரசு வேறு வழியின்றி அந்த இடத்தில் நல்ல வீடுகள் கட்டிக்கொடுக்கிறது. அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் வேலையற்றோருக்கும் வீடற்றோருக்கும் அரசுதான் பொறுப்பு என்று பேசிவந்தார். அந்தக் குரலைத்தான் 10 சென்ட் புத்தகத்தில் சிறுவர்கள் படித்தார்கள்.

ஹிட்லர் முகத்தில் ஒரு குத்து

1940 பிப்ரவரியில் ‘லுக்’ இதழ், சூப்பர்மேன் நினைத்தால் போரை எப்படி முடித்துவைப்பார் என்று சீகலையும் ஷூஸ்டரையும் கேட்டு இரண்டு பக்கக் கதை வெளியிட்டது. ஹிட்லரையும் ஸ்டாலினையும் ஆளுக்கொரு கையில் தூக்கிக்கொண்டு ஜெனீவாவுக்குப் பறந்து, சர்வதேச சங்கத்தின் முன்னால் குற்றவாளிகளாக நிறுத்துகிறார் சூப்பர்மேன். ஏப்ரலில் நாஜி எஸ்.எஸ். படையின் வார இதழ் சீகலின் யூதப் பிறப்பை இழிவுபடுத்தி ஒரு கட்டுரையே எழுதியது. க்ளீவ்லாண்ட் இளைஞரின் சித்திரக்கதை பெர்லின்வரை எரிச்சலூட்டியிருந்தது.

அடுத்த அடி இன்னும் பலமாக விழுந்தது. 1940 டிசம்பரில், 1941 மார்ச் தேதியிட்டுக் கடைக்கு வந்த ‘கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ்’ முதல் இதழின் அட்டையில், அமெரிக்கக் கொடியை உடுத்திய இளைஞன் ஹிட்லரின் முகத்தில் ஓங்கிக் குத்துகிறான். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இன்னும் ஓராண்டு இருந்தது; அமெரிக்கா போரில் இறங்கவில்லை. ஐரோப்பியச் சண்டை நமக்கெதற்கு என்ற கருத்து நாட்டில் வலுவாக இருந்தது. 1939 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அமெரிக்க நாஜி ஆதரவாளர்கள் நடத்திய கூட்டத்துக்குச் சுமார் 20,000 பேர் திரண்டிருந்தார்கள்.

கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யூதர்கள். கிர்பி நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு குடியிருப்புகளில் வறுமையில் வளர்ந்தவர். இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். எதிரி யார் என்று முடிவு செய்துவிட்டுத்தான் நாயகனை உருவாக்கியதாக சைமன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் இதழ் ஏறத்தாழ 10 லட்சம் பிரதிகள் விற்றது. கூடவே மிரட்டல் கடிதங்களும் வந்தன. அலுவலக வாசலில் போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது என்றும், நியூயார்க் மேயர் லா கார்டியா தொலைபேசியில் அழைத்துத் துணை நிற்பதாக உறுதி சொன்னார் என்றும் சைமன் நினைவுகூர்ந்திருக்கிறார். பிறகு கிர்பி ராணுவத்தில் சேர்ந்து பிரான்ஸ் போர்க்களத்துக்கே போனார்.

அரசோடு கைகோத்தபோது

அமெரிக்கா போரில் இறங்கியதும் நிலைமை மாறியது. அதுவரை அதிகாரத்தைக் கேள்வி கேட்ட நாயகர்கள் அரசின் பிரசாரத்துக்குத் தோள்கொடுத்தார்கள். போர்ப் பத்திரம் வாங்கச் சொன்னார்கள். நாஜிகளை எதிர்ப்பதில் தவறில்லை. ஆனால் ஜப்பானியர்களை வரைந்த விதம் வேறு. நீண்ட பற்களும் மஞ்சள் தோலுமாக, மனித சாயலே இல்லாமல் வரைந்தார்கள். 1943-ல் வந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 58-வது இதழின் அட்டையில், ஜப்பானியரை அறையும் வாய்ப்பு உங்களுக்கும் உண்டு என்று இன வசைச்சொல்லோடு போர்ப் பத்திரத்தை விற்கிறார் சூப்பர்மேன். அதே காலத்தில் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முள்வேலி முகாம்களில் அடைத்துவைத்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். எளியவர்களின் தோழனாகப் பிறந்த நாயகன், தன் சொந்த நாட்டில் அநீதிக்கு உள்ளான மக்களுக்கு எதிரான வெறுப்பை அட்டைப்படத்தில் சுமந்தார். சூப்பர் ஹீரோ வரலாற்றின் வெட்கக்கேடான பக்கம் இது.

போர் முடிந்ததும் அதே சூப்பர்மேன் வேறு ஒரு சண்டையில் இறங்கினார். 1946-ல் சூப்பர்மேன் வானொலித் தொடரில் 16 பகுதிகள் கொண்ட கதை ஒலிபரப்பானது. ஊருக்குப் புதிதாகக் குடிவந்த சீன-அமெரிக்கக் குடும்பத்தை, முகமூடி போட்ட இனவெறிக் கும்பல் ஒன்று விரட்டப் பார்க்கிறது. கேட்டவர்கள் அனைவருக்கும் அது கூ க்ளக்ஸ் கிளானைத்தான் குறிக்கிறது என்று தெரிந்தது. கறுப்பின மக்களைத் தூக்கிலிட்ட ஒரு அமைப்பு, மாலை நேரத்தில் சிறுவர்கள் வானொலி முன்னால் உட்கார்ந்து வெறுக்கும் வில்லனாக மாறியது. ஜீன் லுவன் யாங் என்ற சீன-அமெரிக்க எழுத்தாளர் 2019-ல் அதே கதையை காமிக்ஸாக மறுபடி எழுதினார்.

வாயைக் கட்டிய தணிக்கை

1954-ல் ஃப்ரெட்ரிக் வெர்த்தம் என்ற மனநல மருத்துவர், சிறுவர்கள் கெட்டுப்போவதற்கு காமிக்ஸ் காரணம் என்று ஒரு புத்தகம் எழுதினார். ஹார்லெம் பகுதியில் கறுப்பின ஏழைகளுக்காகச் சிகிச்சை மையம் நடத்திய நல்ல மனிதர்தான் அவர். ஆனால் அவருடைய ஆய்வில் சான்றுகள் திரிக்கப்பட்டிருந்ததைப் பிற்கால ஆய்வாளர்கள் அவருடைய சொந்தக் குறிப்புகளிலிருந்தே எடுத்துக்காட்டினார்கள். அதே ஆண்டு செனட் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கைக் குழு அமைத்துக்கொண்டார்கள். அதன் முத்திரை அட்டையில் இல்லாத புத்தகத்தைக் கடைக்காரர்கள் வாங்கத் தயங்கினார்கள்.

அந்த விதிகளில் ரத்தக் காட்சியும் ஆபாசமும் மட்டும் தடைசெய்யப்படவில்லை. போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரி ஆகியோர்மீது மரியாதை குறையும்படி எழுதக் கூடாது என்பதும் ஒரு விதி. செனட்டரை அம்பலப்படுத்திய 1938-ன் சூப்பர்மேன் அந்த விதிப்படி வெளியாகியிருக்கவே முடியாது.

தணிக்கை எதைக் கண்டு பயந்தது என்பதற்கு 1956-ல் நடந்த ஒரு மோதல் போதும். ‘தீர்ப்பு நாள்’ என்ற அறிவியல் கதையில், பூமியிலிருந்து ஒரு விண்வெளி வீரர் ஓர் இயந்திர மனிதர் கிரகத்துக்கு ஆய்வுக்குப் போகிறார். அங்கே நிறத்தை வைத்து ஒரு பிரிவினரை ஒதுக்கிவைத்திருப்பதைப் பார்த்து, நீங்கள் இன்னும் பண்படவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றும்போதுதான் அவர் ஒரு கறுப்பினத்தவர் என்று தெரிகிறது. அவரை வெள்ளையராக மாற்றச் சொன்னது தணிக்கைக் குழு. ஈ.சி. நிறுவனத்தின் பதிப்பாளர் பில் கெய்ன்ஸ் மறுத்துவிட்டார். சண்டை போட்டுக் கதையை அப்படியே வெளியிட்டார். அந்நிறுவனம் காமிக்ஸ் புத்தகம் வெளியிட்டது அதுவே கடைசி முறை.

இதே காலத்தில் கேப்டன் அமெரிக்காவைக் கம்யூனிஸ்டுகளை நொறுக்குபவராக மறுபடி களமிறக்கினார்கள். செனட்டர் மெக்கார்த்தி கண்ணில் பட்டவரையெல்லாம் துரோகி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். கொடியை உடுத்திய நாயகன் அந்த வேட்டைக்கு ஆதரவாக நின்றார். 1954-ல் மூன்றே இதழ்களோடு அவருடைய தொடர் நின்றுபோனது. 1972-ல் கதாசிரியர் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் அந்தக் கறையைக் கதைக்குள்ளேயே கழுவினார். 1950-களில் வந்தவர் உண்மையான கேப்டன் அமெரிக்கா இல்லை, கண்ணில் பட்டவரையெல்லாம் எதிரியாகப் பார்க்கும் மனநோய் பிடித்த போலி ஆள் என்று எழுதினார்.

வெள்ளை மாளிகை வரை போன கேப்டன்

1960-களில் மார்வெல் நிறுவனத்தில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ஸ்டீவ் டிட்கோவும் புதிய வகை நாயகர்களைக் கொண்டுவந்தார்கள். வாடகை கொடுக்கத் திணறும் ஸ்பைடர்மேன் வந்தார். பிறப்பின் காரணமாகவே ஒதுக்கப்படும் எக்ஸ்-மென் வந்தார்கள். 1966 ஜூலை தேதியிட்ட ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ இதழில் பிளாக் பாந்தர் அறிமுகமானார். காலனி ஆதிக்கத்தின் காலடியே படாத, உலகிலேயே உயர்ந்த தொழில்நுட்பம் கொண்ட ஆப்பிரிக்க நாட்டின் அரசர் அவர். அதே பெயரில் ஓக்லாண்டில் கறுப்பின உரிமைக் கட்சி தொடங்கப்பட்டது அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான்.

1970-ல் டி.சி. நிறுவனத்தில் கதாசிரியர் டென்னி ஓநீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் ‘கிரீன் லான்டர்ன்’ தொடரைக் கையிலெடுத்தார்கள். முதல் கதையிலேயே ஒரு கறுப்பின முதியவர் அந்த நாயகனை மடக்கிக் கேட்கிறார். எங்கோ இருக்கும் கிரகங்களின் ஆரஞ்சுத் தோல்காரர்களுக்கும் ஊதாத் தோல்காரர்களுக்கும் உதவினாயே, இங்கே இருக்கும் கறுப்புத் தோல்காரர்களுக்கு என்ன செய்தாய்? நாயகன் தலை குனிகிறார். சூப்பர் ஹீரோ கதைகளில் எழுப்பப்பட்ட மிகச் சரியான அரசியல் கேள்வி இதுதான் என்று நான் நினைக்கிறேன். உலகத்தைக் காப்பாற்றுகிறவரிடம் பக்கத்துத் தெருவில் நடக்கும் அநீதியைக் காட்டிக் கணக்குக் கேட்டது அந்தக் கட்டம்.

எங்கிள்ஹார்ட் அடுத்த அடியை இன்னும் மேலே வைத்தார். வாட்டர்கேட் ஊழல் வெடித்துக்கொண்டிருந்த 1974-ல், ‘ரகசியப் பேரரசு’ என்ற சதிக் கும்பலைத் துரத்துகிறார் கேப்டன் அமெரிக்கா. அதன் தலைவன் ஓடி ஒளியும் இடம் வெள்ளை மாளிகை. முகமூடியைக் கழற்றியதும் கேப்டன் அதிர்ந்துபோகிறார். வாசகருக்கு முகம் காட்டப்படவில்லை. அந்த ஆள் அதிபரின் அறையிலேயே தற்கொலை செய்துகொள்கிறான். அவன் நிக்சன்தான் என்று எங்கிள்ஹார்ட் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். ஜூலை தேதியிட்டு அந்த இதழ் வந்தது. ஆகஸ்ட் 9-ம் தேதி நிக்சன் பதவி விலகினார்.

அதைவிட முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. நொந்துபோன கேப்டன், அதாவது ஸ்டீவ் ரோஜர்ஸ், கொடியையும் கேடயத்தையும் கீழே வைத்துவிட்டு, நாடோடி என்ற பொருள்படும் ‘நோமேட்’ ஆகிறார். சில இதழ்கள் அலைந்த பிறகு, தான் காக்க வேண்டியது அரசாங்கத்தை இல்லை, அந்த நாடு மக்களுக்குக் கொடுத்த வாக்குறுதியை என்று தெளிந்து மறுபடி கேடயத்தை எடுக்கிறார். தேசபக்தியைப் பற்றி அந்த ஆண்டில் அமெரிக்க மேடைகளில் பேசப்பட்ட எதற்கும் குறையாத விவாதம் அது.

அதிகாரத்தின் மீதே சந்தேகம்

இத்தாலிய அறிஞர் உம்பர்ட்டோ எக்கோ 1962-லேயே ஒரு கேள்வியை முன்வைத்திருந்தார். பசியையும் அநீதியையும் ஒழிக்கும் வல்லமை உள்ள சூப்பர்மேன் ஏன் வங்கிக் கொள்ளையர்களைப் பிடிப்பதோடு நின்றுவிடுகிறார்? அவருடைய உலகில் தீமை என்றால் சொத்துக்கு வரும் ஆபத்து. நன்மை என்றால் தர்மம் செய்வது. அமைப்பைத் தொடவே மாட்டார்.

1986-ல் இந்தக் கேள்வி காமிக்ஸுக்குள்ளேயே வெடித்தது. ஃபிராங்க் மில்லரின் பேட்மேன் கதையில், ரீகனை நினைவூட்டும் அதிபரின் ஏவலாளாகச் சூப்பர்மேன் வேலை பார்க்கிறார். ஆலன் மூரும் ஓவியர் டேவ் கிப்பன்ஸும் உருவாக்கிய ‘வாட்ச்மென்’ இன்னும் ஆழமாகத் தோண்டியது. அங்கே அமானுஷ்ய சக்தி கொண்ட ஒருவரை வைத்து அமெரிக்கா வியட்நாமில் வென்றிருக்கிறது. 1985-லும் நிக்சனே அதிபர். முகமூடிக்காரர்களைக் கண்காணிப்பது யார் என்று மக்கள் சுவரில் எழுதுகிறார்கள். யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத நல்லவரும் ஆபத்தானவரே என்பதை மூர் 12 இதழ்களில் நிறுவினார்.

மூரும் டேவிட் லாய்டும் பிரிட்டனில் உருவாக்கிய ‘வி ஃபார் வெண்டெட்டா’ தாட்சர் ஆட்சிக் காலத்தின் கதை. அதில் வரும் சிரித்த முகமூடியை 2011-ல் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டக்காரர்கள் அணிந்தார்கள். காகிதத்தில் வரைந்த முகம் தெருவில் கோஷமிடும் கூட்டத்தின் முகமாக ஆனது.

செப்டம்பர் 11-க்குப் பிறகு

இரட்டைக் கோபுரங்கள் சரிந்த சில வாரங்களில் வெளியான ஸ்பைடர்மேன் இதழுக்கு முழுக்கக் கறுப்பு அட்டை. உள்ளே நாயகர்கள் கையாலாகாமல் நிற்க, தீயணைப்பு வீரர்களும் செவிலியரும்தான் உண்மையான வீரர்களாகக் காட்டப்பட்டார்கள். பிறகு ‘பேட்ரியாட்’ சட்டம், குவாண்டனாமோ சிறை, இராக் போர் என்று நாடு வேறு பாதையில் போனது. 2006-ல் மார்வெல் ‘சிவில் வார்’ தொடரை வெளியிட்டது. முகமூடிக்காரர்கள் தங்கள் அடையாளத்தை அரசிடம் பதிவுசெய்தே ஆக வேண்டும் என்று சட்டம் வருகிறது. அயர்ன்மேன் சட்டத்தின் பக்கம். கேப்டன் அமெரிக்கா எதிர்ப்பின் பக்கம். பாதுகாப்புக்காக எவ்வளவு சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று நாடாளுமன்றங்களில் நடந்த விவாதம் காமிக்ஸில் நடந்தது. 2007-ல் நீதிமன்றப் படிக்கட்டில் கேப்டன் அமெரிக்கா சுடப்பட்டுச் சாகும் இதழ் வந்தபோது, உலகெங்கும் நாளிதழ்கள் அதைச் செய்தியாக்கின.

கொடியின் கதையில் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை 2003-ல் ராபர்ட் மொரேல்ஸும் கைல் பேக்கரும் சித்திரக்கதையாக்கினார்கள். கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய மருந்து கறுப்பினச் சிப்பாய்கள்மீது சோதிக்கப்பட்டது என்பது அந்தக் கதை. உயிர் பிழைத்த ஐசயா பிராட்லியை அரசு சிறையில் தள்ளி மறைத்தது. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சிஃபிலிஸ் நோய் கண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த அரசு ஆய்வின் நிழல் அதில் தெளிவாகத் தெரியும்.

பெட்டிச் செய்தி: பஸ்ஸில் ஏறிய கமலா கான்

2014-ல் தனித்தொடர் கண்ட புதிய ‘மிஸ் மார்வெல்’, ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளிப் பள்ளி மாணவி கமலா கான். எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சன், ஆசிரியர் சனா அமானத் இருவரும் முஸ்லிம் பெண்கள். 2015 ஜனவரியில் சான்ஃபிரான்சிஸ்கோ நகரப் பேருந்துகளில் இஸ்லாமியரை நாஜிகளோடு ஒப்பிடும் விளம்பரங்கள் வந்தன. பெயர் சொல்லாத சிலர் அவற்றின்மேல் கமலா கானின் படத்தை ஒட்டி மூடினார்கள். வெறுப்புக்கு எதிராகக் குரல் கொடுக்கச் சொல்லும் வாசகங்களும் கூடவே இருந்தன. எந்த நிறுவனமும் திட்டமிட்ட விளம்பரம் இல்லை இது. வாசகர்கள் தங்கள் நாயகியைத் தாங்களே வேலைக்கு அழைத்த தருணம்.

திருடப்பட்ட சின்னம்

வாசகர்கள் நல்லதற்கு மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. 1974-ல் கெர்ரி கான்வே உருவாக்கிய பனிஷர், குடும்பத்தைக் கொன்றவர்களைப் பழிவாங்கப் புறப்பட்டுக் கொலைகாரனாகவே மாறிவிட்ட முன்னாள் சிப்பாய். சட்டம் தோற்றுப்போனதன் அடையாளமாகத்தான் கான்வே அவரைப் படைத்தார். மார்பில் உள்ள வெள்ளை மண்டையோடு அவருடைய சின்னம். இராக்கில் அமெரிக்க வீரர்கள் அந்த மண்டையோட்டை வாகனங்களில் வரைந்துகொண்டார்கள். பிறகு போலீஸ்காரர்கள் ஒட்டிக்கொண்டார்கள். 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றத்தைத் தாக்கிய கும்பலிலும் அது தெரிந்தது.

கான்வே கடுமையாக எதிர்த்தார். சட்டத்தைக் காக்க வேண்டியவர்கள் சட்டத்தை மீறிய குற்றவாளியின் சின்னத்தை அணிவது அடிமை முறையை ஆதரித்த தென் மாநிலக் கொடியை ஏற்றுவதற்குச் சமம் என்பது அவர் வாதம். 2019-ல் வந்த ஒரு கதையில், தன் சின்னத்தை ஒட்டிய போலீஸ்காரர்களிடமிருந்து பனிஷரே அதைக் கிழித்தெறிந்து, முன்மாதிரி வேண்டுமென்றால் கேப்டன் அமெரிக்காவைப் பாருங்கள் என்று கண்டிக்கிறார். 2020-ல் மண்டையோட்டுச் சின்னத்தைப் புதிதாக வரைந்த சட்டைகளை விற்று, கறுப்பின உயிர்களுக்கான இயக்கத்துக்கு நிதி திரட்டினார் கான்வே. நாடாளுமன்றத் தாக்குதலில் சிலர் கேப்டன் அமெரிக்காவின் சின்னத்தையும் அணிந்திருந்ததைக் கண்டு, ஜாக் கிர்பியின் மகன் நீல் கிர்பி அறிக்கை வெளியிட்டார். தன் தந்தை ஜனநாயகத்துக்காகப் படைத்த நாயகனை அதற்கு எதிராகப் பயன்படுத்துவது அருவருப்பானது என்று அதில் வெளிப்படையாகச் சாடினார்.

திரையிலும் இந்த இழுபறி உண்டு. ராணுவத் தளமும் விமானமும் கேட்கும் படங்களின் திரைக்கதையைப் பென்டகன் வாசித்துப் பார்க்கிறது. 2008-ன் ‘அயர்ன்மேன்’ படத்துக்கு உதவி கிடைத்தது. ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தில் வரும் சர்வதேச அமைப்புக்கு அமெரிக்க ராணுவம் கட்டுப்பட்டதா இல்லையா என்று தெளிவாக இல்லாததால் உதவி விலக்கிக்கொள்ளப்பட்டது. 2019-ல் ‘கேப்டன் மார்வெல்’ ஓடிய அரங்குகளில், படத்துக்கு முன்னால் விமானப்படை ஆள்சேர்ப்பு விளம்பரம் ஓடியது. ஆயுத வியாபாரியைப் போர்முனைக்கு அனுப்பிய நாயகர்களின் வாரிசுகளைப் பார்க்க வரும் இளைஞர்களைக் குறிவைத்து ராணுவம் விளம்பரம் செய்கிறது என்றால், அந்த இடைவெளியை ரசிகர்கள் கவனிக்கத்தான் வேண்டும்.

நீதியை வரைந்தவர்களுக்குக் கிடைத்த நீதி

சூப்பர்மேனின் முழு உரிமைக்கும் சீகலும் ஷூஸ்டரும் பெற்ற தொகை 130 டாலர். அந்தத் தொகை அடங்கிய காசோலை 2012-ல் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போனது. முதல் இதழின் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு விற்றது. படைத்தவர்களோ உரிமை கேட்டு வழக்குப் போட்டதால் வேலையையும் இழந்தார்கள். ஷூஸ்டரின் பார்வை மங்கியது. 1975-ல் கோடிக்கணக்கில் செலவழித்து சூப்பர்மேன் படம் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், சீகல் ஊடகங்களுக்கு நீண்ட கடிதம் எழுதித் தன் வறுமையைச் சொன்னார். நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் சக ஓவியர்களைத் திரட்டிப் போராடினார்கள். ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், பறிக்கப்பட்ட பெயரும் இருவருக்கும் திரும்பக் கிடைத்தன. ஜாக் கிர்பி தான் வரைந்த அசல் ஓவியங்களைக் கேட்டு மார்வெலோடு ஆண்டுக்கணக்கில் போராடி, 1987-ல் ஒரு பகுதியை மட்டுமே மீட்டார். முதலாளிகளின் அநியாயத்தைப் பறந்து வந்து தட்டிக்கேட்கும் நாயகனை உருவாக்கிய கைகளுக்கு, அந்த நியாயத்தைச் சக தொழிலாளிகள் போராடித்தான் வாங்கிக்கொடுத்தார்கள்.

உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்கள் வாயையும் கட்டப் பார்ப்பார்கள். யூத இன அழிப்பைச் சித்திரக்கதையாக்கி 1992-ல் புலிட்சர் பெற்ற ஆர்ட் ஸ்பீகல்மேன், 2019-ல் மார்வெலின் ஆரம்பகாலத் தொகுப்புக்கு முன்னுரை எழுதினார். கேப்டன் அமெரிக்காவின் நாஜி எதிரியான ரெட் ஸ்கல்லை அன்றைய அதிபரோடு ஒப்பிட்ட ஒரு வரியை எடுக்கச் சொன்னார்கள். நிறுவனம் அரசியலில் சார்பு எடுப்பதில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. மார்வெலின் அன்றைய தலைவரோ டிரம்ப்பின் நெருங்கிய நண்பர். ஸ்பீகல்மேன் முன்னுரையையே திரும்பப் பெற்று, ஒரு பிரிட்டிஷ் நாளிதழில் வெளியிட்டார். ஹிட்லர் முகத்தில் விழுந்த குத்தால் புகழ்பெற்ற நிறுவனம், அந்தக் குத்தின் பொருளைப் பேசவந்த எழுத்தாளரிடம் மௌனத்தைக் கேட்டது.

கேட்க வேண்டிய கேள்வி

இவ்வளவு நீண்ட வரலாற்றில் நிலைத்து நிற்கும் கதைகள் எவை என்று பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. சுரங்க முதலாளியை உள்ளே இறக்கிய சூப்பர்மேன், நாடே தயங்கியபோது ஹிட்லரைக் குத்திய கேப்டன், கிளானின் முகமூடியைக் கிழித்த வானொலிக் கதை, நிக்சனைக் கண்டு கேடயத்தைக் கீழே வைத்த ஸ்டீவ் ரோஜர்ஸ், வெறுப்பு விளம்பரத்தை மூடிய கமலா கான்... அனைவருமே தங்கள் காலத்தில் அதிகாரம் கொண்டவர்களிடம் முடியாது என்று சொன்னவர்கள். ஜப்பானியரை இழிவுபடுத்திய அட்டையும் கம்யூனிஸ்ட் வேட்டைக்காரக் கேப்டனும் அருங்காட்சியகச் சான்றுகளாக மட்டும் எஞ்சியிருக்கின்றன.

கேடயத்தையும் முகமூடியையும் நிறுவனங்கள் தங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம். ஆட்சியாளர்கள் தங்கள் முகத்தை அதில் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சின்னங்களுக்குப் பொருள் கொடுத்தவர்கள் குடியேறிகளின் பிள்ளைகள், வறுமையில் வரைந்தவர்கள், நிறத்தாலும் மதத்தாலும் ஒதுக்கப்பட்டவர்கள். அந்தப் பொருளைக் காப்பது வாசகர்களின் பொறுப்பு. நாயகனின் பலத்தை வியப்பதோடு நிற்காமல், அவர் கை யார்மீது ஓங்குகிறது, அதனால் யாருக்கு நிம்மதி கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டவர்கள் இருந்ததால்தான் ஓநீலின் முதியவர் பேசினார், எங்கிள்ஹார்ட்டின் கேப்டன் திருந்தினார், சீகலுக்கும் ஷூஸ்டருக்கும் பெயர் திரும்பக் கிடைத்தது. இனி வரும் நாயகர்களையும் அந்தக் கேள்விதான் நேர்மையாக வைத்திருக்கும்.